குடை ராட்டினத்தின் சரித்திரம்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. காலையில் மலைகளை மூடிக் கிடந்த பனிமூட்டம் பத்து மணிக்கு மேல் மெல்லக் கலைந்தது. நோர்வூட்டைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகள் கழுவித் துடைத்தாற்போலப் பளிச்சென்று தெரிந்தன. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. தப்போசை ஒரு மலையில் எழுந்து எதிர்மலையில் மோதித் திரும்பிற்று. கரகமும் காவடியும் கோயிலை வலம் வந்துகொண்டிருந்தன. கோயிலுக்குக் கீழேயுள்ள சிறிய மைதானத்தில் வளையற் கடை, பலூன் கடை, கடலைக் கடை என வரிசையாகக் கடைகள். அவற்றின் நடுவே நிறம் மங்கிய குடை ராட்டினம் ஒன்றும் வந்திருந்தது.

இரண்டு குதிரைகள், ஒரு யானை, ஒரு மயில், இருவர் அமரக்கூடிய ஒரு சிறு தேர். இவ்வளவே அதன் பரிவாரம். அவை இரும்புக் கம்பிகளில் தொங்கின. அதை இயக்குவதற்கு மின்சாரமும் இல்லை, யந்திரமும் இல்லை. அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் கம்பியைப் பற்றித் தள்ளிக்கொண்டே ஓடுவார். வேகம் பிடித்ததும் விலகி நின்று மூச்சு வாங்குவார். வேகம் தளரும்போது மறுபடியும் ஓடுவார். பிள்ளைகளின் குதூகலத்துக்கோ எல்லையில்லை.

நம் இளைய மகளுக்கு எட்டு வயது. மயிலின் மேல் இரண்டு தரமும் குதிரையின் மேல் மூன்று தரமும் சுற்றிவிட்டு, தலை கிறுகிறுக்க நம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரம் ராட்டினத்தையே பார்த்திருந்தவள், "அப்பா, சுத்துற தாத்தா மட்டும் ஏன் ஒரு தடவகூட ஏறல?" என்று கேட்டாள்.

வகுப்பறையில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நமக்கு, இந்தக் கேள்விக்கு உடனே விடை வரவில்லை. விளையாட்டுப் பொருள் ஒன்றைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக நேயர்கள் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் அந்த மரக்குதிரை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோது, ஏறுகின்றவர் யார், தள்ளுகின்றவர் யார் என்ற கேள்வி அதன் சரித்திரம் முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் கண்டோம். அந்தச் சரித்திரத்தையே இவ்வாரம் சொல்ல முற்படுகிறோம்.

மன்னர்களின் விளையாட்டு

குடை ராட்டினத்தை ஐரோப்பியர் 'கரோசெல்' என்று அழைக்கின்றனர். இத்தாலியத்திலும் ஸ்பானிய மொழியிலும் 'சிறு போர்' என்ற பொருளில் வழங்கிய சொல்லிலிருந்து இது பிறந்ததாகக் கூறுவர். குழந்தைகள் ஏறும் பொருளுக்குப் போரின் பெயர் எப்படி வந்தது? ஒரு காலத்தில் அது வீரர்களின் பயிற்சியாக இருந்ததே காரணம். குதிரை மேல் விரைந்து செல்லும் வீரன், கயிற்றில் தொங்கும் சிறு வளையத்தை ஈட்டி முனையால் கோத்து எடுக்க வேண்டும். அரசவைகளில் இது பெரிய விழாவாகவே நடைபெற்றது.

1662 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரான்ஸ் தேசத்து மன்னன் பதினான்காம் லூயி பாரிஸ் நகரில் இத்தகைய விழா ஒன்றை மிக ஆடம்பரமாக நடத்தினான். பட்டத்து இளவரசன் பிறந்ததைக் கொண்டாடிய விழா அது. பிரபுக்கள் ஐந்து அணிகளாகப் பிரிந்து உரோமர், பாரசீகர், துருக்கியர், இந்தியர், அமெரிக்கர் என வேடம் புனைந்து குதிரைகளில் வந்தனர். மன்னன் தானே உரோமச் சக்கரவர்த்தியாகத் தோன்றினான். அந்த விழா நடந்த இடம் இன்றளவும் கரோசெல் சதுக்கம் என்றே வழங்குகிறது.

ஈட்டியால் வளையம் கோப்பதற்கு உயிருள்ள குதிரைகளை எந்நேரமும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஆகவே, நடுவே ஒரு கம்பத்தை நட்டு, அதிலிருந்து நீளும் கைமரங்களில் மரக்குதிரைகளைப் பொருத்தி, அவற்றைச் சுழலச் செய்து பயிற்சி பெற்றனர். இளவரசர்கள் மேலே அமர்ந்து ஈட்டி பிடித்தனர். கீழே நின்று ஏவலாளரோ விலங்குகளோ அதைச் சுற்றினர்.

இதற்கு முன்பே கீழை நாடுகளில் இத்தகைய விளையாட்டு சாதாரண மக்களிடையே வழங்கியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பின்னாளில் இந்தியாவுக்கும் வந்த பீற்றர் மண்டி என்னும் ஆங்கிலேய யாத்திரிகர், 1620 ஆம் ஆண்டில் துருக்கிய சாம்ராச்சியத்தைச் சேர்ந்த பிலிப்போபோலிஸ் நகரில் தாம் கண்ட திருவிழா ஊஞ்சல்களை எழுதியும் வரைந்தும் வைத்திருக்கிறார். இன்று அந்நகர் பல்கேரியாவில் உள்ளது. மேலும் கீழுமாகச் சுழலும் ராட்டினம் ஒன்றும், வண்டிச் சக்கரத்தைப் படுக்க வைத்தாற்போன்று சுழலும் ராட்டினம் ஒன்றும் அவற்றுள் இருந்தன. படுத்த சக்கரத்தின் விளிம்பில் சிறு ஆசனங்கள் அமைத்துக் குழந்தைகளை இருத்திச் சுற்றினார்களாம். நம் நாட்டில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் சிங்கள ஊர்களில் மரத்தால் கட்டப்படும் 'கதுரு ஒஞ்சில்லாவ' என்னும் ராட்டின ஊஞ்சலையும், தமிழகத்துக் கோயில் திருவிழாக்களிலும் சென்னை மெரினாக் கடற்கரையிலும் காணப்படும் கை ராட்டினத்தையும் அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

இன்று நிலைபெற்றிருக்கும் குடை ராட்டினங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று ஜெர்மனியில் ஹனாவு நகரை அடுத்த வில்ஹெல்ம்ஸ்பாட் பூங்காவில் உள்ளது. 1780 ஆம் ஆண்டில் இளவரசர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. சிறு குன்றின் மேல் வட்டக் கோயில் போலத் தூண்களுடன் நிற்கும் அதனைச் சுழற்றும் பொறி வெளியே தெரிவதில்லை. அது குன்றினுள், நிலவறையில் மறைந்திருக்கிறது. மேலே பட்டாடை உடுத்தவர்கள் மரக்குதிரையிலும் தேரிலும் அமர்ந்து சுழல, சுழற்றும் வேலை கண்ணுக்குப் படாமல் கீழே நடந்தது. 2016 ஆம் ஆண்டில் அதைப் புதுக்கி மறுபடியும் இயக்கியிருக்கிறார்கள்.

நீராவியின் வருகை

ராட்டினம் அரண்மனையை விட்டுச் சந்தைக்கு வந்த பின்பும் அதைத் தள்ளுவதற்குச் சிறுவர்களோ குட்டைக் குதிரைகளோ வேண்டியிருந்தன. ஆகவே பாரம் மிகுந்த பெரிய ராட்டினங்களைக் கட்ட முடியவில்லை. இந்நிலையை மாற்றியது நீராவி. ஏறக்குறைய 1861 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போல்ற்றன் நகரச் சந்தையில் தோமஸ் பிராட்ஷா என்பவர் நீராவியால் இயங்கும் ராட்டினத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் வேகத்தைக் கண்டு மிரண்ட பத்திரிகையாளர் ஒருவர், ஏறியவர்கள் பீரங்கிக் குண்டு போலத் தூக்கி எறியப்படாமலிருப்பதே ஆச்சரியம் என்ற கருத்துப்பட எழுதினார்.

அதன் பின்னர் இத்துறையில் பெரும் புகழ் பெற்றவர் கிங்ஸ் லின் நகரத்து பிரெடரிக் சாவேஜ். இவர் உழவர்களுக்கான நீராவி யந்திரங்களைச் செய்து வந்தவர். கதிரடிக்கும் யந்திரத்தைச் சுழற்றும் நீராவி, குதிரையைச் சுழற்றாதா என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ராட்டினத்தின் நடுவிலேயே நீராவி யந்திரத்தை அமைத்தார். 1880களில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ராட்டினங்களில் குதிரைகள் சுற்றி வந்ததோடு மட்டுமன்றி, மேலும் கீழும் தாவிப் பாயவும் தொடங்கின.

இங்கே மலையகத்து வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாவேஜின் கிங்ஸ் லின் நகர் நோர்போக் மாவட்டத்தில் உள்ளது. அதை அடுத்த லிங்கன்ஷயர் மாவட்டத்துக் கெயின்ஸ்பரோ நகரில் மார்ஷல் கம்பனியின் தொழிற்சாலை இருந்தது. அதுவும் உழவர்களுக்கான நீராவி யந்திரங்களைச் செய்த இடமே. வில்லியம் ஜாக்சன் என்பவர் அமைத்த தேயிலை ரோலர்களை அந்தக் கம்பனியே வார்த்து அனுப்பியது. நம் பகுதியின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்தோர், வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும் மார்ஷல் என்ற பெயரைப் பார்த்திருப்பர்.

வாட்டிய கொழுந்தை அரைக்கும் ரோலர் எப்படி வேலை செய்கிறது? முழங்கையைப் போல வளைந்த இரும்புத் தண்டுகள், கிராங்க் என்று தொழிலாளர் சொல்வது, சுழல்கின்றன. அச்சுழற்சி கொழுந்துப் பெட்டியை மேசையின் மேல் வட்டமிட வைக்கிறது. சாவேஜின் குதிரைகளைத் தாவ வைத்ததும் இதே கிராங்க்தான். ஒரே காலம், ஒரே நாடு, ஒரே நீராவி. அங்கே அது பிள்ளைகளுக்குக் குதிரை ஓட்டியது. இங்கே நம் பாட்டன் பாட்டிமார் பறித்த கொழுந்தை அரைத்தது.

ஆண்டுகளின் பொருத்தமும் வியப்பைத் தருகிறது. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867 ஆம் ஆண்டில். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய தச்சரான குஸ்தாவ் டென்ட்சல், பிலடெல்பியா நகரில் தளவாடப் பட்டறையை ராட்டினப் பட்டறையாக மாற்றியதும் அதே 1867 இல்தான்.

குடையும் குதிரையும்

இனி ராட்டினத்தின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். மாணவ நண்பர்கள் இப்பகுதியைத் தாளும் பென்சிலும் கொண்டு படித்தால் பயன் பெறுவர்.

பெரிய ராட்டினத்தின் மேடை தரையில் உருளுவதாகவே பலரும் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. நடுவே உறுதியான ஒரு கம்பம் நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து நாலா பக்கமும் நீண்ட கைமரங்கள் விரிகின்றன. மேடையும் குதிரைகளும் ஏறியவர்களும் ஆகிய அத்தனை பாரமும் இரும்புக் கம்பிகளால் அந்தக் கைமரங்களில் தொங்குகின்றன. காம்பு ஒன்று, கம்பிகள் பல, அவற்றின் மேல் துணி: இது குடையின் இலக்கணமே அன்றோ? ஆங்கிலேயர் இதைக் 'களிப்புடன் சுற்றுவது' என்ற பொருளில் அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் போரை நினைத்துப் பெயரிட்டனர். நம்மவரோ பொருளின் அமைப்பையே நோக்கிக் குடை ராட்டினம் என்றார்கள். தச்சனும் கொல்லனும் ஒப்புக்கொள்ளும் பெயர் இதுதான்.

குதிரை தாவுவது எவ்வாறு? நடுக் கம்பத்தின் உச்சியில் சுழலாத பெரிய பற்சக்கரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கைமரத்தோடும் நீளும் கிராங்க் தண்டின் உள்முனையில் சிறிய பற்சக்கரம் ஒன்று உண்டு. ராட்டினம் சுழலும்போது சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தின் மேல் உருண்டு செல்கிறது. உடனே தண்டும் தன்னைத்தானே சுற்றுகிறது. தண்டு வளைந்திருக்கும் இடத்தில் தொங்கும் குதிரை மேலும் கீழும் ஆடுகிறது. வளைவுகளை வெவ்வேறு திசைகளில் அமைத்திருப்பதால் ஒரு குதிரை உயரும்போது பக்கத்துக் குதிரை தாழ்கிறது.

ஓரத்துக் குதிரைக்கும் உள்வரிசைக் குதிரைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். மையத்திலிருந்து ஓரத்துக் குதிரை 7 மீற்றர் தூரத்திலும் உள்குதிரை 3.5 மீற்றர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் ஓரத்துக் குதிரை 44 மீற்றர் செல்லும். உள்குதிரை 22 மீற்றரே செல்லும். நிமிடத்துக்கு 5 சுற்று என்றால் ஓரத்துக் குதிரையின் வேகம் மணிக்கு 13.2 கிலோமீற்றர், உள்குதிரையின் வேகம் 6.6 கிலோமீற்றர். இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஆயினும் ஒன்று மற்றையதைப் போல் இரு மடங்கு தூரம் ஓடியிருக்கிறது. ஓரத்தில் அமர்ந்த பிள்ளை தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலிமையால் வெளியே இழுக்கப்படுவது போல உணர்கிறது. உள்ளே அமர்ந்த பிள்ளைக்கு அதில் பாதிதான். பிள்ளைகள் ஓரத்துக் குதிரைக்குப் போட்டியிடுவதன் இரகசியம் இதுவே. அச்சமுள்ள பிள்ளையை உள்ளே இருத்துவதன் நியாயமும் இதுவே.

சுழலும் திசையிலும் ஒரு விநோதம் உண்டு. இங்கிலாந்தின் ராட்டினங்கள் கடிகார முள்ளைப் போல வலஞ்சுழியாகச் சுற்றும். குதிரையில் இடப் பக்கமாக ஏறுவது மரபாகையால், இவ்வாறு சுற்றினால்தான் குதிரையின் இடப் பக்கம் வெளியே தெரியும், ஏறுவதும் இலகு. அமெரிக்காவிலோ பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றும். ஈட்டியால் வளையம் கோத்த பழைய விளையாட்டும் முற்றாக மறையவில்லை. மாசச்சூசெற்ஸ் மாநிலத்து மார்தாஸ் வின்யார்ட் தீவில் 1876 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ராட்டினம் ஒன்றில், ஓரத்துக் குதிரையில் அமர்ந்த பிள்ளைகள் கையை நீட்டி வளையங்களைப் பறிப்பார்கள். பித்தளை வளையம் கிடைத்த பிள்ளைக்கு இன்னொரு சுற்று இலவசம்.

மரக்குதிரைகளைக் குடைந்தவர்களின் கைத்திறனைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். ஒரே மரத்துண்டில் குதிரை செய்வதில்லை. பலகைகளை ஒட்டி உட்குழிவான உடலைச் செய்வார்கள். தலையையும் கால்களையும் வேறாகச் செதுக்கிப் பொருத்துவார்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியும் வெளிப் பக்கத்தில் பிடரி மயிரும் சேணமும் மணிகளும் பூக்களும் நுணுக்கமாக அமைந்திருக்கும். உள்பக்கத்தில் வேலை குறைவு. சில குதிரைகளுக்கு உண்மையான குதிரை மயிரினாலேயே வால் வைத்தனர். ராட்டினம் சுழலும்போது தானே இசைக்கும் பெரிய குழல் வாத்தியமும் உண்டு. துளையிட்ட காகிதச் சுருளோ மடித்த அட்டையோ அதற்குச் சுரத்தைக் காட்டிக் கொடுக்கும்.

1930களில் உலகைப் பீடித்த பொருளாதார மந்தத்தின்போது இத்தொழில் நலிந்தது. பின்னர் அலுமினியத்தாலும் கண்ணாடி நாராலும் வார்த்த குதிரைகள் வந்தன. ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருந்த மர ராட்டினங்களுள் இன்று இயங்குபவை இருநூறுக்கும் குறைவு.

வேலியிட்ட ராட்டினம்

நீராவியும் அதன் பின் மின்சாரமும் வந்ததால், தள்ளுகின்றவனின் வேலை ஒழிந்தது. ஆகவே எல்லாரும் ஏறலாம் என்ற நிலை வந்துவிட்டதென்று நாம் நினைப்போம். அப்படி வரவில்லை. தள்ளும் வேலை போன இடத்தில் வேலி வந்தது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அடுத்து, மேரிலாந்து மாநிலத்தில் கிளென் எக்கோ என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே டென்ட்சல் கம்பனி 1921 ஆம் ஆண்டில் நிறுவிய அழகிய ராட்டினம் ஒன்று உண்டு. 40 குதிரைகள், 4 முயல்கள், 4 தீக்கோழிகள், ஓர் ஒட்டகச் சிவிங்கி, ஒரு மான், ஒரு சிங்கம், ஒரு புலி என 52 உருவங்கள் அதில் சுழல்கின்றன. ஆனால் கறுப்பின மக்களின் பிள்ளைகள் அப்பூங்காவினுள் நுழைய அனுமதியில்லை. அடுத்த தெருவிலிருந்து வாத்தியத்தின் இசையைக் கேட்கலாம். குதிரையில் ஏற முடியாது.

1960 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் திகதி, ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர்களை முதன்மையாகக் கொண்ட குழுவொன்று அப்பூங்காவினுள் சென்றது. அவர்கள் கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. ராட்டினத்தில் ஏறி அமர்ந்தார்கள். அவ்வளவே. காவலாளி வந்து, நீ எந்த இனம் என்று தலைவரான லாரன்ஸ் ஹென்றியைக் கேட்டான். தாம் மனித இனத்தைச் சேர்ந்தவர் என்று அவர் பதிலளித்தார். ராட்டினம் சுழலவில்லை. ஐவர் கைது செய்யப்பட்டனர்.

அந்தக் கோடை முழுவதும் பூங்கா வாயிலில் மறியல் நடந்தது. அயலிலே வசித்த வெள்ளையின மக்கள் பலரும் மாணவர்களோடு சேர்ந்து வரிசையில் நடந்தனர். அடுத்த ஆண்டாகிய 1961 இல் பூங்கா எல்லாருக்கும் திறக்கப்பட்டது. கைதானவர்களின் மீதான தீர்ப்பை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1964 இல் தள்ளுபடி செய்தது. 1968 இல் பூங்கா மூடப்பட்டது. ராட்டினத்தை விற்றுவிட ஏற்பாடானபோது, அவ்வூர் மக்கள் பணம் திரட்டி அதை மீட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டனர்.

அதே மாநிலத்தின் பால்ற்றிமோர் நகரை அடுத்த குவின் ஓக் பூங்காவிலும் இத்தகைய தடை இருந்தது. 1963 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் திகதி அத்தடை நீங்கியது. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டன் நகரில் தம் பிரசித்தி பெற்ற உரையை ஆற்றிய அதே நாள் அது. அன்று, ஒரு வயது கூட நிரம்பாத ஷாரன் லாங்லி என்ற கறுப்பினக் குழந்தை தன் தந்தையின் கைப்பிடியில் அந்த ராட்டினத்தின் குதிரையில் அமர்ந்து சுற்றி வந்தது. அந்த ராட்டினம் 1981 இல் வாஷிங்டன் நகரின் நடு மைதானத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

ராட்டினத்தின் ஒரு சுற்று மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோதான். இறங்கிய பின் ஏறிய இடத்திலேயே நிற்கிறோம். அதற்காகச் சிறை செல்ல வேண்டுமா என்று கேட்கலாம். எந்தப் பயனும் இல்லாத மகிழ்ச்சியைக் கூட ஒரு பிள்ளைக்கு மறுப்பவர்கள், பயனுள்ள எதனை அதற்குக் கொடுத்துவிடப் போகிறார்கள்? அந்த மாணவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள்.

நம் மலைகளில்

இங்கே நம் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். நாம் லயத்துப் பிள்ளையாக இருந்த காலத்தில், இதே போன்ற திருவிழாவுக்குக் கை ராட்டினம் வந்தது. காசில்லாத பிள்ளைகளுக்கு ராட்டினக்காரர் ஒரு சலுகை வைத்திருந்தார். பத்துத் தரம் தள்ளினால் ஒரு தரம் ஏறலாம். நாமும் தள்ளினோம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே தள்ளினோம். எந்தக் குதிரையில் ஏறுவது என்பதைக் கூட முடிவு செய்துவிட்டோம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புக் குதிரை. எட்டாம் தரம் தள்ளிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மலைநாட்டு மழை, விடுவதாயில்லை. ராட்டினத்தின் மேல் படங்கைப் போட்டு மூடிவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்தபோது மைதானம் வெறுமையாக இருந்தது. சேற்றில் வட்டமாகக் கால்தடங்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுள் நம்முடையவையும் இருந்தன.

எட்டுத் தரம் தள்ளியும் ஏறாமல் போன கதை நம் ஒருவருடையது மட்டுமன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டின் பெரிய சக்கரம் ஒன்றைத் தள்ளி வந்தவர்கள் இம்மலைகளின் மக்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தியது. அமெரிக்க நீதிமன்றம் அந்த மாணவர்களை விடுவித்த அதே 1964 ஆம் ஆண்டில், இரண்டு அரசாங்கங்கள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னர் என்று மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்டன. எஞ்சி நின்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் தலைமன்னார் வழியே கப்பலேறிப் பிரிந்து போயின என்பதை ஒவ்வொரு லயத்திலும் சொல்வார்கள்.

வாயில் இன்று திறந்திருக்கிறது. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கின்றனர். ஆசிரியராகவும் வைத்தியராகவும் திரும்பி வருகின்றனர். இதை எண்ணி மகிழ்கிறோம். ஆயினும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் நின்றாலும், ஓரத்துக் குதிரை அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்ற கணக்கை மறந்துவிடலாகாது.

பாரிஸ் நகரத்துக் கேளிக்கைக் கலைக் கூடத்தில் 1897 ஆம் ஆண்டைச் சேர்ந்த ராட்டினம் ஒன்று இருக்கிறது. அதில் குதிரைகள் இல்லை, சைக்கிள்கள் இருக்கின்றன. ஏறியவர்கள் எல்லாரும் சேர்ந்து மிதித்தால்தான் ராட்டினம் சுழலும். தள்ளுகின்றவரும் ஏறுகின்றவரும் அங்கே ஒருவரே. ராட்டினத்தின் நெடிய சரித்திரத்தில் நம் மனத்துக்கு மிகவும் உகந்தது எது என்று கேட்டால், பொன் முலாம் பூசிய குதிரைகளை விட்டு இந்தச் சைக்கிள் ராட்டினத்தையே காட்டுவோம்.

அன்று மாலை, கூட்டம் கலைந்துகொண்டிருந்த வேளையில், மகளின் கேள்வியை அந்தப் பெரியவரிடமே எடுத்துச் சென்றோம். அவர் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நான் ஏறிட்டா யாருங்க சேர் சுத்துறது?" என்றார்.

நாம் சுற்றுகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். "வேணாங்க, எனக்குத் தல சுத்தும்," என்று மறுத்துவிட்டார். பிறகு கடலைக் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு, நின்றிருந்த குதிரை ஒன்றின் முதுகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல அருந்தினார். ராட்டினம் அசையவில்லை. தேயிலைச் சரிவுகளின் மேல் பனிமூட்டம் மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள், "தாத்தா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்தாள். "அப்போ நாங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு தரம் சுத்தினா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை நேயர்களோடு பகிர்ந்துகொண்டு இவ்வாரம் விடைபெறுகிறோம்.